பகலில் ஆபீஸ், ராத்திரியில் ஒன்பது வீடு

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு லேப்டாப்பில் இப்போ இன்னொரு டேபும் திறந்திருக்கும். கேன்வா, ஃபிக்மா, ஆட்டோகேட், ஏதோ ஒன்று. பேக்கரிக்கு ஒரு லோகோ, சீனியர் அக்காவின் கல்யாணப் பத்திரிகை, சிவில் டிபார்ட்மென்ட் ஆளாக இருந்தால் யாரோ சித்தப்பா வீட்டுக்கு ஒரு பிளான். காசு கொஞ்சம்தான் வரும், சில சமயம் அதுவும் வராது. ஆனாலும் செய்றோம். மெஸ் பில் இருக்கு, பைக்குக்கு பெட்ரோல் இருக்கு, அதையெல்லாம் விட, நாம போட்ட டிசைன் ஒரு கடை வாசலில் தொங்குறதைப் பார்க்கிற ஆசை இருக்கு.

இப்படி ராத்திரியில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக்கு பிளான் போட்டு, மாட்டி, வேலையை இழந்த ஒருத்தரின் கதைதான் இது. பெயர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். ஆர்க்கிடெக்சர் படிக்கிற நண்பர்களிடம் பெயரைச் சொன்னாலே உடனே அருவி மேல் நிற்கிற அந்த ஃபாலிங்வாட்டர் வீட்டைக் காட்டுவார்கள். நியூயார்க்கில் சுருள் சுருளாக இருக்கிற குகன்ஹைம் மியூசியமும் அவருடையதுதான். அதெல்லாம் ரொம்பப் பிந்திய கதை. நாம பார்க்கப் போறது அவருடைய 20 முதல் 26 வயசு வரைக்கும். அதாவது ஏறக்குறைய உங்க வயசு.

1867-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்லேண்ட் சென்டர் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். பிற்காலத்தில் 1869 என்று சொல்லிக்கொண்டார். இரண்டு வயசைக் குறைத்துச் சொல்றதில் அப்படி என்ன லாபமோ! இதை ஏன் சொல்றேன்னா, ரைட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி, ரைட் தன் வாயால் சொன்னது. அதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடணும். அப்பா பிரசங்கியார், இசை தெரிந்தவர், எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை. அம்மா அன்னா, ஆசிரியை, வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஃப்ரோபெல் என்கிற ஜெர்மன் கல்வியாளர் உருவாக்கிய மரக்கட்டைகளைப் பார்த்துவிட்டு, அம்மா அதை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். கனசதுரம், உருளை, முக்கோணம். அந்தக் கட்டைகள் விரலில் கடைசி வரை தங்கிவிட்டது என்று ரைட் சொல்வார். இதை நம்பலாம், அவருடைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும்.

1885-ல் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அப்பா போனவர் போனவர்தான். அடுத்த வருஷம் மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரைட் சேர்ந்தார். அங்கே ஆர்க்கிடெக்சர் கோர்ஸே கிடையாது. ஆலன் கோனோவர் என்கிற சிவில் பேராசிரியரிடம் பார்ட் டைம் வேலை, படம் வரைவது, சைட்டுக்குப் போவது. டிகிரி வாங்கவில்லை. பட்டம் வாங்க சில வாரம் இருக்கும்போது கிளம்பிவிட்டதாக அவர் சொன்னதும், காலேஜ் ரெக்கார்டும் ஒத்துப்போகாது. அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் படித்ததாகத் தடயம் இல்லை. டிஸ்கன்டினியூ கேஸ்தான், சுருக்கமாச் சொன்னா.

1887-ல் சிகாகோ. அந்த ஊர் அப்போ எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் கதை புரியும். 1871-ல் பெரிய தீ விபத்து, நகரத்தின் நடுப்பகுதியே எரிந்து போனது. அதுக்கப்புறம் இருபது வருஷம் கட்டுமானம் ஓயவில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் பத்து மாடி, பதினைந்து மாடி என்று முதல் முதலாக உயர்ந்தது இங்கேதான். படம் வரையத் தெரிந்த பையனுக்கு வேலை கிடைக்காமல் போகாது. ஜோசப் சில்ஸ்பீ என்பவரின் ஆபீசில் வாரம் 8 டாலருக்குச் சேர்ந்தார். சில மாதத்திலேயே சம்பளம் போதவில்லை என்று வேறு ஆபீசுக்குத் தாவி, அங்கே ஒத்துவராமல், அதிக சம்பளத்தோடு சில்ஸ்பீயிடமே திரும்பி வந்தார். அங்கே செசில் கார்வின் என்று ஒரு நண்பர் கிடைத்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

1888-ல் ஆட்லர் அண்ட் சல்லிவன். அந்தக் காலத்து சிகாகோவில் இது கனவுக் கம்பெனி. டாங்க்மார் ஆட்லர் என்ஜினியர், ஒலி எப்படிப் பயணிக்கும், அஸ்திவாரம் எவ்வளவு இறங்கும் என்பதில் மன்னர். லூயிஸ் சல்லிவன் டிசைனர், உயரமான கட்டடம் எப்படித் தோற்றம் கொள்ளணும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர். அவர்களிடம் ஆடிட்டோரியம் பில்டிங் என்கிற மாபெரும் வேலை நடந்துகொண்டிருந்தது. 4,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம், ஓட்டல், ஆபீஸ் எல்லாம் ஒரே கட்டடத்தில். அலங்கார வேலைகளை வரைய சல்லிவனுக்கு நல்ல கை தேவைப்பட்டது. ரைட்டின் பென்சிலைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில், அந்தக் கட்டடத்தின் கோபுரத்துக்கு ஆபீஸ் மாறியபோது, சல்லிவனுக்கு அடுத்த ரூம் ரைட்டுக்கு. அந்த மாடியின் பிளான் 1890-ல் பத்திரிகையில் வந்தது. ரைட்டின் ரூம் அதில் இருக்கு, அதனால் இது அவர் சொன்ன கதை மட்டும் இல்லை.

1889 ஜூன் 1-ல் கல்யாணம். பெண்ணுக்கு 18, பெயர் கேத்தரின் டோபின். இவருக்கு 22 முடிய ஒரு வாரம் பாக்கி. கையில் காசு இல்லை. முதலாளியிடம் போய் கேட்டார். சல்லிவன் ஐந்து வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் கொடுத்தார். அது போதாதென்று, ஐந்து வருஷம் இருக்கணும்னா வீடு கட்டக் கடன் கொடுங்க என்று ரைட் கேட்க, 5,000 டாலரும் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஓக் பார்க் என்கிற புறநகரில், சிகாகோ அவென்யூவும் ஃபாரஸ்ட் அவென்யூவும் சேரும் மூலையில் மனை வாங்கி வீடு கட்டினார். கடன் சம்பளத்தில் பிடித்தம், அடையும் வரை பத்திரம் சல்லிவனிடம்.

கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. பிளேஸ்மென்ட் முடிந்து ஆஃபர் லெட்டர் வந்தவுடன் நம்ம ஊரில் என்ன நடக்கும்? பாண்ட் கையெழுத்து, ஈ.எம்.ஐ.யில் பைக். 1889-லும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், பாண்டும் லோனும் ஒரே ஆள் கையில்.

அந்த ஒப்பந்தத்தில் வெளி வேலை எடுக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது.

இப்போ, ஆட்லர் அண்ட் சல்லிவன் பெரிய கட்டடக் கம்பெனி. வீடு கட்டித் தரச் சொல்லி வருகிற பழைய வாடிக்கையாளர்களை மறுக்கவும் முடியாது, ஆபீஸ் நேரத்தை அதில் செலவழிக்கவும் மனசில்லை. அதனால் அந்த வேலைகள் ரைட்டிடம் வந்தன. அவர் சாயங்காலம் ஓக் பார்க் போய் வீட்டில் உட்கார்ந்து வரைவார், அதுக்குத் தனிக் காசு. 1891-ல் ஜேம்ஸ் சார்ன்லிக்காகத் தொடங்கிய வீடு அப்படிப்பட்டது, இன்னைக்கும் சிகாகோவில் நிற்குது. நான் இதில் கவனிக்கிற விஷயம் ஒன்று உண்டு: ராத்திரியில் வீடு வரையும் பழக்கத்தை ரைட்டுக்குப் பழக்கியதே கம்பெனிதான். மேஜை, விளக்கு, நேரம், எல்லாம் ஏற்கெனவே தயார். வாடிக்கையாளர் மட்டும்தான் மாறணும்.

சம்பளம் குறைவா? இல்லை, நல்ல சம்பளம். ஆனால் செலவு? ரைட் நல்ல துணிமணி பிரியர். நல்ல வண்டி பிடிக்கும். வீட்டுக்குள் நினைத்ததெல்லாம் கட்டிச் சேர்த்துக்கொண்டே போவார். 1890-ல் முதல் பையன், 1892 கடைசியில் இரண்டாவது. கடன் வேறு. இதையெல்லாம் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார், அந்த விஷயத்தில் மறைக்கவில்லை. ஆக, பசிக்காக வெளி வேலை செய்த ஏழைக் கலைஞன் என்று யாராவது உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் நம்பாதீங்க. பட்ஜெட் போடத் தெரியாத, திறமை நிரம்பி வழிந்த ஒரு பையன். நம்ம விங்கிலும் ரெண்டு பேர் இருக்காங்க.

குறைந்தது ஒன்பது வீடுகள். பெரும்பாலும் 1892, 1893-ல். பிற்பாடு அதுக்கு அவர் வச்ச பேர் பூட்லெக் வீடுகள். பூட்ஸுக்குள் ஒளித்துச் சாராயம் கடத்துவார்களே, அந்த வார்த்தை. நம்ம பாஷையில் கள்ள வீடுகள் என்று சொல்லிக்கலாம்.

வேலை எப்படிப் பிடித்தார்? இதுதான் உங்களுக்கு வேண்டிய பகுதி, அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

முதலில், தெருவைப் பாருங்க. ஓக் பார்க்கில் தாமஸ் கேல் வீடு, ராபர்ட் பார்க்கர் வீடு, வால்டர் கேல் வீடு. மூணும் சிகாகோ அவென்யூவில், ரைட்டின் சொந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். கேல்கள் இருவரும் அண்ணன் தம்பி. ஓக் பார்க் அப்போ வளர்கிற ஊர், ரயிலேறி சிகாகோவுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் மனை வாங்கி வீடு கட்டுற நேரம். அந்த ஊரில் வித்தியாசமான ஒரு வீட்டைத் தனக்கே கட்டிக்கொண்டு, அதில் குடியிருந்தார் ரைட். அந்த வீடுதான் அவருடைய விளம்பரப் பலகை. போர்ட்ஃபோலியோவை எங்கோ பதிவேற்றிவிட்டு உலகம் முழுக்க வாடிக்கையாளர் தேடுகிறோமே நாம், ரைட்டுக்கு முதல் வேலைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தன.

ரெண்டாவது, ஒவ்வொரு வீட்டையும் சூனியத்திலிருந்து வரையவில்லை. தாமஸ் கேல் வீடும் பார்க்கர் வீடும் அடுத்தடுத்து நிற்குது, ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். லா கிரேஞ்ச் என்கிற இன்னொரு புறநகரில் எம்மண்ட் குடும்பத்துக்குக் கட்டிய வீடும் அதே பிளானின் இன்னொரு வடிவம்தான். செங்குத்தான கூரை, மூலையில் எண்கோணமாகப் பிதுங்கும் அறைகள். ஒரு பிளான், மூணு வாடிக்கையாளர், கொஞ்சம் கொஞ்சம் மாற்றம். ராத்திரி மட்டுமே நேரம் உள்ளவனுக்கு வேறு வழி? டெம்ப்ளேட் போடுறதை கேவலமாகப் பேசும் டிசைன் நண்பர்கள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கலாம்.

மூணாவது, வாடிக்கையாளருக்குப் பிடித்த பாணியில் கொடுத்தார். சிகாகோ கென்வுட் பகுதியில் 1892-ல் ஜார்ஜ் பிளாசமுக்குக் கட்டியது மஞ்சளும் வெள்ளையுமான காலனியல் பாணி வீடு, வெளியே தூண், சமச்சீர், எல்லாம் மரியாதையான பழைய பாணி. உள்ளே போனால்தான் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்வது தெரியும். பக்கத்து மனையில் வாரன் மெக்ஆர்தருக்கு வேறு பாணியில் இன்னொரு வீடு. பின்னாளில் பழைய பாணிகளைத் திட்டித் தீர்த்த அதே ரைட்தான் இதையும் வரைந்தார். பாணியை விட்டுக் கொடுத்தார். ஆனால் ஜன்னல்களை வரிசையாகப் படுக்கை வாட்டில் சேர்ப்பது, வடிவத்தை எளிமையாக்குவது என்று தன் கையெழுத்தை எங்காவது ஒளித்து வைத்தார்.

ஒளித்து வைத்தது மட்டும் போதுமா? பிளானில் பெயர் போடணுமே. அங்கேதான் செசில் கார்வின் வருகிறார். சில வேலைகளுக்கு அவர் தன் பெயரைக் கொடுத்தார். இது நட்புதான், ஆனால் இதன் விலையையும் யோசிங்க. தன் வாழ்க்கையின் முதல் வீடுகளை, என்னுடையது என்று ரைட் யாரிடமும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஃப்ரீலான்ஸ் வேலையில் காசைவிடப் பெரிய சம்பாத்தியம் பெயர். அடுத்த வேலையைக் கொண்டுவருவது அதுதான். திருட்டுத்தனமாகச் செய்யும் வேலையில் காசு வரும், பெயர் வராது. பெயர் வந்தால் வேலை போகும்.

போனது. 1893-ல்.

கென்வுட்டில் அலிசன் ஹார்லன் என்பவருக்கு ஒரு வீடு. அதன் பால்கனியில் செதுக்கிய அலங்காரம் சார்ன்லி வீட்டின் பால்கனிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, சல்லிவன் குடியிருந்த வீடு அதிலிருந்து சில தெரு தள்ளித்தான். தான் சொல்லிக்கொடுத்த கையை ஆசிரியருக்கு அடையாளம் தெரியாதா? கார்வின் பெயரை எழுதி என்ன பிரயோஜனம்?

அதுக்கப்புறம் நடந்ததை ரைட்டே ரெண்டு விதமாகச் சொல்லியிருக்கார். சுயசரிதையில் ஒன்று: சல்லிவன் கோபப்பட்டார், கடன் அடைந்துவிட்டதால் வீட்டுப் பத்திரத்தை ரைட் கேட்டார், சல்லிவன் தர மறுத்தார், ரைட் பென்சிலைப் போட்டுவிட்டு வெளியே நடந்தார். பல வருஷம் கழித்துத் தன் மாணவர்களிடம் சொன்னது இன்னொன்று: விஷயம் தெரிந்த அந்த நிமிஷமே சல்லிவன் துரத்திவிட்டார். முதல் கதையில் ராஜினாமா, ரெண்டாவதில் டிஸ்மிஸ். எது உண்மை என்று நீங்களே முடிவு பண்ணிக்குங்க. பத்திரம் பின்னால் ஆட்லர் மூலமாக வந்து சேர்ந்தது. எவ்வளவு சண்டையிலும் கணக்கைச் சரியாக முடிக்கிற ஒரு பார்ட்னர் இருந்தால் கம்பெனிக்கு நல்லது.

இதில் யார் பக்கம் நியாயம்? எங்கள் ஆசிரியர் குழுவிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு என் மூளை என்னுடையதுதானே என்று ஒரு கட்சி. நான் மற்ற கட்சி, காரணம் சொல்றேன். வெளி வேலை செய்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த 5,000 டாலரைக் கேட்டு வாங்கியது ரைட். ஐந்து வருஷம் என்று வாக்குக் கொடுத்தது ரைட். செலவு மிஞ்சியபோது ரைட் போய் ஆட்லரிடம், வாரம் ஒரு வீடு நான் வெளியே எடுத்துக்கலாமா, உங்களுக்கு ஒரு பங்கு தரேன் என்று கேட்டிருக்கலாம். வீட்டு வேலையைக் கம்பெனி ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே! ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டதாக எந்தக் கதையிலும், ரைட் தானே சொன்ன கதையிலும்கூட, இல்லை. 2022-ல் நம்ம நாட்டின் ஐ.டி. கம்பெனி ஒன்று, வெளியே இன்னொரு வேலை பார்த்த 300 பேரை ஒரே சமயத்தில் நீக்கியபோது நாடு முழுக்க இதே பட்டிமன்றம் நடந்தது. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற அந்த வரியை எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்து போடுகிறோம் என்று உங்க ஹாஸ்டல் ரூமிலேயே ஒரு சர்வே எடுத்துப் பாருங்க.

ஆனாலும் ஒன்று. அதே 1893-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு. வங்கிகள் மூடின, கட்டுமானம் நின்றது. ஆட்லர் அண்ட் சல்லிவனே தள்ளாடி, 1895-ல் ஆட்லர் பிரிந்து போனார். ஒழுங்காக ஒப்பந்தப்படி இருந்திருந்தாலும் ரைட்டின் நாற்காலி எத்தனை நாள் தாங்கியிருக்கும்? ஒன்பது வீடு கட்டிய அனுபவமும் ஒன்பது குடும்பத்தின் அறிமுகமும் கையில் இருந்ததால்தான், மற்றவர்கள் வேலை தேடின வருஷத்தில் அவரால் போர்டு மாட்ட முடிந்தது. என் கட்சியைக் கொஞ்சம் பலவீனமாக்கும் விஷயம் இது. இருந்தாலும் சொல்லித்தானே ஆகணும்.

ஆபீஸ் எங்கே போட்டார் தெரியுமா? ஷில்லர் பில்டிங்கில். அதைக் கட்டியது ஆட்லர் அண்ட் சல்லிவன். கூட ரூம் எடுத்தது கார்வின். முதல் பெரிய வேலை, ரிவர் ஃபாரஸ்டில் வில்லியம் வின்ஸ்லோ வீடு. வின்ஸ்லோ அலங்கார இரும்பு வேலைக் கம்பெனி நடத்தியவர், கட்டட உலகத்து ஆள். அந்த வீட்டைப் பார்த்து டேனியல் பர்னம் என்கிற சிகாகோவின் பெரிய தலை ஒரு வாய்ப்பு கொடுத்தார்: பாரிஸில் படிப்பு, ரோமில் படிப்பு, குடும்பச் செலவு முழுக்க தன் பொறுப்பு, திரும்பி வந்தால் வேலை. ரைட் வேண்டாம் என்றார். 26, 27 வயசில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடனில் இருந்துகொண்டு! இதைத் துணிச்சல் என்பதா திமிர் என்பதா, எனக்கு இன்னும் முடிவுக்கு வரமுடியலை.

சுதந்திரம் வந்ததும் நினைத்ததையெல்லாம் கட்டினார் என்று நினைக்காதீங்க. 1895-ல் பக்கத்துத் தெருக்காரர் நேதன் மூர் வந்தார். வின்ஸ்லோ வீடு மாதிரி எனக்கு வேண்டாம், அப்படிக் கட்டினால் ஊர் சிரிக்கும், ரயிலுக்கு நான் சந்து வழியாக ஒளிந்து போகணும் என்கிற பயம் அவருக்கு. பழைய இங்கிலீஷ் பாணியில் மரச்சட்டம் தெரியும் வீடு கேட்டார். வாடிக்கையாளர் கேட்டதைக் கட்டிக் கொடுத்தார் ரைட், பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கணுமே. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டைப் பற்றிப் பேச அவருக்குப் பிடிக்காது.

கட்டடம் இல்லாத மாதங்களில் வேறு டிசைன். 1896, 97-ல் வின்ஸ்லோவும் இன்னொரு வாடிக்கையாளரும் வீட்டிலேயே கையால் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்துக்குப் பக்க அலங்காரம் முழுக்க ரைட். அதே 1897-ல் லக்ஸ்ஃபர் என்கிற கண்ணாடிக் கம்பெனி. கடைக்குள் வெளிச்சத்தை ஆழமாகத் திருப்பிவிடும் பட்டகக் கண்ணாடி ஓடுகள் அவர்கள் தயாரிப்பு. அந்த ஓட்டின் மேல் வரும் வடிவங்களுக்கு ரைட் வாங்கிய டிசைன் பேட்டன்ட் 41. நாற்பத்தொன்று! நம்ம காலேஜில் ஒரு பேட்டன்ட் ஃபைல் பண்ணினால் வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். 1901-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்கிற பிரபலமான பெண்கள் பத்திரிகையில் மாதிரி வீட்டு பிளான் வெளியிட்டார், கட்ட எவ்வளவு ஆகும் என்கிற உத்தேசக் கணக்கோடு. 1907-ல் அதே பத்திரிகையில் 5,000 டாலரில் தீப்பிடிக்காத கான்கிரீட் வீடு. நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் பத்திரிகை. வாடிக்கையாளரைத் தேடிப் போகாமல் அவர்கள் சாப்பாட்டு மேஜைக்கே பிளானை அனுப்பும் வேலை இது.

1898-ல் ஓக் பார்க் வீட்டோடு ஒட்டி ஸ்டுடியோ கட்டினார். அங்கே வேலை பார்த்த வால்டர் பர்லி கிரிஃபினுக்கு வெளி வேலை எடுக்க அனுமதி இருந்தது. ஸ்டுடியோவில் இருந்தபோதே 1903-ல் எல்ம்ஹர்ஸ்ட் ஊரில் எமரி குடும்பத்துக்குத் தன் சொந்தப் பெயரில் வீடு கட்டினார் கிரிஃபின். தனக்குக் கிடைக்காததை ரைட் தன் ஆளுக்குக் கொடுத்தார் என்று பாராட்டலாம். ஆனால் 1905-ல் ஜப்பான் பயணத்துக்குக் கிரிஃபினிடம் கடன் வாங்கிவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது காசுக்குப் பதில் ஜப்பானிய அச்சு ஓவியங்களை நீட்டினார். கிரிஃபின் கிளம்பிவிட்டார். சும்மா போகவில்லை, 1912-ல் ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவை வடிவமைக்கும் போட்டியில் ஜெயித்தார். கடைசியில் இறந்தது நம்ம லக்னோவில், 1937-ல்.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுறேன், இணையத்தில் நிறையக் கிடைக்கும். 1909-ல் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் மனைவி மாமா போர்த்விக்கோடு ஐரோப்பா போனார். விட்டுப் போனதில் மளிகைக் கடை பாக்கி 900 டாலரும் உண்டு என்பார்கள். விஸ்கான்சினில் டாலியெசின் என்று வீடு கட்டினார். 1914-ல் அங்கே வேலைக்காரன் ஒருவன் வீட்டைக் கொளுத்தி, மாமாவையும் அவருடைய இரண்டு குழந்தைகளையும் சேர்த்து ஏழு பேரைக் கொன்றான். டோக்கியோவில் இம்பீரியல் ஓட்டல் கட்டினார், 1923 பூகம்பத்தில் அது விழாமல் நின்றது பெரிய பேச்சானது. ஆனால் அடுத்த சில வருஷம் வேலையே இல்லை. 60 வயசில் மறுபடியும் சில்லறை டிசைன் வேலை: லிபர்ட்டி பத்திரிகைக்கு அட்டைப்படங்கள் வரைந்தார், ரொம்பப் புதுசாக இருக்கு என்று ஏற்கவில்லை. நிராகரிக்கப்பட்ட ஃபைல்களைப் பத்திரமாக வைத்திருங்க, இப்போ அவை மியூசியம் சரக்கு. கடனுக்காக வங்கி டாலியெசினையே கைப்பற்றியது. நண்பர்கள் சேர்ந்து ரைட்டின் எதிர்கால வருமானத்தில் பங்கு வாங்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்து அவரை மீட்டார்கள்.

மீண்டார். 1930-களின் நடுவில் ஃபாலிங்வாட்டர். அதே சமயத்தில் மேடிசனில் ஜேக்கப்ஸ் என்கிற பத்திரிகைக்காரருக்கு ஒரு வீடு, ரைட்டின் கட்டணம் 450 டாலரையும் சேர்த்து மொத்தம் 5,500 டாலர். பணக்காரர் வீட்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். 1959 ஏப்ரலில் 91 வயசில் இறந்தார், குகன்ஹைம் திறந்தது அதே வருஷம் அக்டோபரில். வரைந்தது ஆயிரத்துக்கும் மேல், கட்டியது ஐந்நூற்றுக்கும் மேல்.

அந்தக் கள்ள வீடுகள் என்ன ஆச்சு? ஹார்லன் வீடு 1963-ல் இடிக்கப்பட்டது. மற்றவை பெரும்பாலும் இருக்கு, கார்வின் பெயரெல்லாம் போய் ரைட்டின் பெயரிலேயே. அதில் மெக்ஆர்தர் வீட்டுப் பையன் ஆல்பர்ட் வளர்ந்து, ரைட்டிடமே ஸ்டுடியோவில் பயின்று, ஆர்க்கிடெக்ட் ஆனார். 1928-ல் அரிசோனாவில் பெரிய ஓட்டல் கட்டும்போது, வேலையில்லாமல் கிடந்த ரைட்டை ஆலோசகராகக் கூப்பிட்டார். 1892-ல் ராத்திரியில் போட்ட பிளான் 36 வருஷம் கழித்துச் சம்பளம் கொடுத்தது.

சல்லிவனை மட்டும் பாதியில் விட்டுவிட்டேன். ரைட்டும் அவரும் 12 வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அதுக்குள் சல்லிவனுக்கு வேலை குறைந்து, சின்ன ஊர்களில் சின்னச் சின்ன வங்கிக் கட்டடங்கள்தான் மிச்சம். 1909-ல் புத்தகங்களையும் வீட்டுச் சாமான்களையும் ஏலத்தில் விற்றார். கடைசி வருஷங்களில் சிகாகோவில் ஒரு சாதாரண ஓட்டல் அறை. ரைட் போய்ப் பார்ப்பார், தானே கடனில் இருந்தாலும் முடிந்தபோது பணம் கொடுப்பார். 1924 ஏப்ரலில், சாவதற்குச் சில நாள் முன்னால், சல்லிவன் தன்னிடம் மிஞ்சியிருந்த பென்சில் ஓவியங்களை ஒரு கட்டாகக் கட்டி ரைட்டிடம் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் இருக்கும். ரைட் அதை விற்கவில்லை. ஜப்பானிய ஓவியங்களை விற்றார், நிலத்தை அடகு வைத்தார், அந்தக் கட்டை மட்டும் தொடவில்லை. இப்போ அது நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்தில் இருக்கு.